உரோமமும் உணவும்

தமிழில் நாயைச் சுட்டி மனிதரை வையுஞ் சொற்கள் பல உள. அவற்றுள் 'சொறிநாய்' என்பது மிகக் கொடியது. அதனைக் கேட்ட மாத்திரத்தில், முதுகு மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, தேநீர்க்கடை வாயிலில் விரட்டுண்டு, அடுத்த தெருவிலும் கல்லெறி பட்டு ஓடும் ஓர் உயிரின் தோற்றம் நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அவ்வுயிர் அந்நிலையை எங்ஙனம் அடைந்தது என வினவுவார் மிக அரியர். நாயாய்ப் பிறந்தால் சொறியும் உடன்பிறந்ததே என்பது உலகினர் துணிபு போலும்.

மாட்டைப்பற்றி இவ்வாறு எவரும் எண்ணார். மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நில்லாமல், முதுகைத் தடவி மேனியின் மினுமினுப்பையும் பார்ப்பர். மயிர் சிலிர்த்து மங்கிய மாட்டைக் கண்டால், "தீனி போதவில்லை, வயிற்றிற் பூச்சி இருக்கிறது" என்று எட்டி நின்றே சொல்லிவிடுவர். மேனியைக் கொண்டு வயிற்றை அறியும் இவ்வறிவு நம் நாட்டிற் பழமையானது. அதனை வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பொருத்திப் பார்க்க ஏனோ மறந்தோம். மாடு விலைபோவது, தெருநாய் விலைபோகாதது என்பதே காரணமாகலாம்.

உரோமம் என்பது யாது? அது பெரும்பாலும் புரதம். நகமும் கொம்பும் எதனால் ஆயினவோ, அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. கந்தகம் பொதிந்த அமினோ அமிலங்கள் அதில் மிகுதி. மயிரைப் பொசுக்கினால் மூக்கைத் துளைக்கும் நாற்றம் அக்கந்தகத்தினின்றும் எழுவதே. ஒரு நாய் தன் உடல் முழுதும் போர்த்த இவ்வாடையை நெய்தற்கும், அதனடியிலுள்ள தோலை ஓயாது புதுப்பித்தற்கும், நாள்தோறும் அதற்கு வேண்டிய புரதத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு செலவாகும் என்று விலங்கு மருத்துவ நூலோர் கணக்கிடுவர். உண்பதில் நாலில் ஒரு பங்கு தோலுக்கும் மயிருக்குமே போகின்றது என்றால் வியப்பன்றோ?

வரவு குறைந்த காலத்தில் உடல் சிக்கனம் செய்யும். நெஞ்சுக்கும் ஈரலுக்கும் குருதிக்கும் உரிய பங்கு முதலில் அளக்கப்படும். மயிரின் பங்கு கடைசி. எல்லாரும் உண்டெழுந்தபின் சட்டியில் ஒட்டியதை வழித்து உண்ணும் மருமகளை நம் வீடுகளிற் கண்டிருக்கிறோம். உரோமம் அவளை ஒத்தது. அடுக்களையில் அரிசி குறைந்த செய்தியை ஊரார் அறியுமுன் அவள் முகம் அறிவித்துவிடும்.

நிற்க. எங்கள் வீட்டில் ஒரு நாய் உண்டு, பெயர் கரியன். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் குருளை என்று வழங்கும். கரியன் குருளையாய் வந்த நாளில் மையில் தோய்த்தெடுத்தாற்போல் இருந்தான். (அஃறிணையை 'இருந்தான்' என்றது என்னையெனின், உவப்பினால் வந்த திணைவழுவமைதி என்க. அவனை 'அது' என்று அழைப்பவர் எங்கள் வீட்டில் பாட்டியார் ஒருவரே. இலக்கணத்தில் அவர் மிகக் கண்டிப்பானவர்.) காலையில் மோர்விட்ட பழஞ்சோறும், இரவில் குழம்பின் மிச்சம் பிசைந்த சோறும் அவன் உணவு. எங்கள் தெருவில் எல்லா வீட்டு நாய்க்கும் அதுவே உணவு. கடலுக்கு மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் ஆதலால் மீன்முள் மட்டும் இடையிடையே கிட்டும்.

ஒன்றரை வயது நிரம்பியபோது கரியன் பெயருக்கு மாறாகத் தொடங்கினான். விலாவிலும் தொடையிலும் கருமை தேய்ந்து, துருப்பிடித்த இரும்பின் நிறம் படர்ந்தது. வால்மயிர் மெலிந்தது. முதுகைத் தடவினால் தவிடு தூவினாற்போற் செதில்கள் உதிர்ந்தன. அவன் இரவெல்லாம் சொறியும் ஓசை கேட்கும். அவ்வமயம் கோடை விடுமுறை. என் தங்கையின் முன்கையிற் சிறு கொப்புளங்கள் தோன்ற, "நாய்ச்சொறி பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது" என்று அண்டை வீட்டார் தீர்ப்பளித்தனர். என் தந்தையார் கல்நெஞ்சர் அல்லர். உப்பளத்திற் கணக்கெழுதிவிட்டு மாலையிற் களைத்து வருபவர். ஒருநாள் இரவு உண்டு கைகழுவும்போது, "நீ கல்லூரிக்குத் திரும்புமுன் இதைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போ" என்றார். வேறொன்றும் கூறவில்லை. வீட்டு நாய்கள் எங்ஙனம் தெருநாய்கள் ஆகின்றன என்பதை அன்றிரவு யான் தெரிந்துகொண்டேன். உரோமம் கெட்டால் நாய்க்கு வீடும் இல்லையாகின்றது.

எஞ்சியிருந்தவை 18 நாட்கள். அந்நாட்களில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த அறிவுரைகளுக்கு அளவில்லை. தேங்காயெண்ணெய் தேய்க்க என்றார் ஒருவர். வேப்பெண்ணெயிற் கந்தகத்தைக் குழைத்துப் பூசுக என்றார் இன்னொருவர். லாரிப் பட்டறையிற் கழித்த பழைய இயந்திர எண்ணெயை உடம்பெல்லாம் தடவினால் மூன்றே நாளிற் சொறி மறையும் என்றார் மற்றொருவர். ஈண்டு ஒன்று சொல்லியே தீரவேண்டும். இவ்வியந்திர எண்ணெய் வைத்தியம் நம் ஊர்ப்புறங்களில் இன்றும் நடைபெறுகின்றது. அது வைத்தியமன்று, கொடுமை. தோல் வழியாகவும், நாய் தன்னைத்தான் நக்கும்போது வாய் வழியாகவும், அந்நஞ்சு உள்ளே சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நகரத்துக் கடையொன்றில், வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள் விற்பவர், வழவழப்பான தாளில் அழகிய நாயின் படம் ஒட்டிய புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். விலை 600 ரூபாய். 'பளபளக்கும் மேனிக்கு' என்று அதன்மேல் எழுதியிருந்தது. நாய் என்ன உண்கிறது என்று அவர் கேட்கவில்லை. அப்பணத்திற்கு எண்பது முட்டைக்குக் குறையாமல் வாங்கலாம் என்று மனம் கணக்கிட, புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அரசினர் கால்நடை மருந்தகத்திற்குக் கரியனை இட்டுச் சென்றேன். அங்கிருந்த மருத்துவ அம்மையார் முதலில் உணவைப்பற்றிப் பேசவில்லை. மயிரை எதிர்த்துக் கோதி உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் உளவோ என்று பார்த்தார். தோலின் இரண்டிடங்களிற் சுரண்டி எடுத்ததை நுண்ணோக்காடியின்கீழ் வைத்துச் சொறிப்பூச்சியைத் தேடினார். படர்தாமரையோ என்றும் சோதித்தார். இம்முறைமை மிகவும் போற்றத்தக்கது. ஏனெனில் பூச்சியால் வந்த சொறிக்கு உலகிலுள்ள முட்டையெல்லாம் கொடுத்தாலும் தீர்வு வாராது. ஒன்றும் அகப்படவில்லை. குடற்புழு மட்டும் இருந்தது. அதற்கு மருந்து தந்தார். பின்னரே நிமிர்ந்து, "தம்பி, இதற்கு என்ன சாப்பாடு?" என்றார்.

"சோறும் மோரும், அம்மா."

"மீன்?"

"முள் மட்டும்."

"கடற்கரை ஊரில் இருந்துகொண்டு முள்ளா?" என்று அவர் நகைத்தார். பின் ஒரு சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டிய கணக்கை யான் இன்றும் வைத்திருக்கின்றேன். வளர்ந்த நாயின் உணவில், நீர் நீக்கிய எடையில், நூற்றுக்கு 18 பங்கேனும் புரதம் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தார் வகுத்த அளவு. வளரும் குட்டிக்கு 22.5 பங்கு. அரிசியிலோ 7 அல்லது 8 பங்கே உண்டு. கொழுப்பு நூற்றுக்கு 5.5 பங்கேனும் வேண்டும். தீட்டிய அரிசியில் ஒரு பங்குகூட இல்லை. வடித்த சோறு 100 கிராமில் உள்ள புரதம் மூன்று கிராமுக்கும் குறைவு. அதே எடையுள்ள சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். "வயிறு நிறைந்துவிடுகிறது, தம்பி. அதனால்தான் இது பசி என்று எவருக்கும் தெரிவதில்லை" என்றார் அம்மையார்.

அதனால் சோறு நாய்க்கு ஆகாதது என்று கொள்ளற்க. ஓநாயினின்றும் பிரிந்து மனிதனை அண்டி வாழ்ந்த நெடுங்காலத்தில், மாச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் படிகள் நாய்க்குப் பெருகியுள்ளன என்பதை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2013 இல் வெளியிட்டனர். நம் பாட்டிமார் இட்ட சோற்றை நாய் செரித்தே வந்துள்ளது. சோறு துணையாயிருத்தல் தக்கது; சோறே முழுதுமாயிருத்தல்தான் தகாதது.

இனி, கருமை செம்மையான வரலாறு. மயிருக்கும் தோலுக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதனை உடல் டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. டைரோசினைப் பினைலலனின் என்னும் மற்றொன்றிலிருந்து செய்துகொள்ளும். இவ்விரண்டும் புரதம் மிக்க உணவில் நிரம்ப உள்ளன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகரக் கல்லூரியார் இவற்றைக் குறைத்து ஊட்டிய கரும்பூனைகளின் மயிர் செம்பழுப்பாக மாறியதையும், நிறைத்து ஊட்டியபின் கருமை மீண்டதையும் 2001 இல் எழுதி வெளியிட்டனர். கறுப்பு நாய்க்குட்டிகளிடத்தும் இம்மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது. இவற்றில் யான் மிகவும் வியந்தது ஒன்று: உடல் வளர்தற்குப் போதிய அளவு உண்டாலும், கருமைக்கு அது போதாது, அதனினும் மிகுதி வேண்டும். ஆகவே எடை குறையாத, ஓடி விளையாடுகின்ற, நோயற்றதாகத் தோன்றுகின்ற ஒரு விலங்கின் குறையை அதன் நிறம் மட்டும் தனியே நின்று சொல்லும். வெயிலில் நெடுநேரம் கிடப்பதாலும், ஓரிடத்தை ஓயாது நக்கும் எச்சிலாலும், செம்புச்சத்துக் குறைவாலும் நிறம் மாறுவதுண்டு. ஆதலால் செம்மை கண்டவிடத்தெல்லாம் புரதக் குறைவென்று துணிதலும் கூடாது.

இதனைப் படித்தபோது என் நினைவு நாயை விட்டு வேறிடம் சென்றது. ஆப்பிரிக்காவின் பொற்கடற்கரை நாட்டில், அஃதாவது இன்றைய கானாவில், தாய்ப்பால் மறந்து சோளக் கஞ்சியே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்கு நேரும் ஒரு நோயை 1933 இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் விவரித்தார். குவாஷியோர்கர் என்று அதற்குப் பெயர். அந்நோயுற்ற பிள்ளைகளின் கருமயிர் வெளிறிச் செம்பட்டையாதல் இன்று மருத்துவ மாணாக்கர் யாவரும் அறிந்த குறி. எங்கள் அடுத்த வீட்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உளன். அவன் தலை செம்பட்டை. தெருப்பிள்ளைகள் அவனைப் பெயரிட்டு அழைப்பதில்லை. 'செம்பட்டை' என்றே கூவுவர். செம்பட்டை முடியெல்லாம் நோயன்று. கடற்காற்றும் வெயிலும் எண்ணெய் காணாமையும் பிறப்பும் காரணமாகலாம். ஆயினும் அவன் காலையில் என்ன உண்கிறான் என்பது எங்கள் வீட்டார் அறிந்ததே: சீனியிட்ட தேநீரும் ஒரு பன் ரொட்டியும்.

மருந்தகத்தினின்று திரும்பி, அம்மையார் சொன்னவற்றை வீட்டில் எடுத்துரைத்தேன். தந்தையார் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டியாரே வாய் திறந்தார். "ஊரில் பிள்ளைகள் முட்டைக்கு ஏங்குகையில் நாய்க்கு முட்டையா? பள்ளிக்கூடம் இருந்தாலும் மதியச் சோற்றோடு பிள்ளைகளுக்கு ஒரு முட்டை கிடைக்கும். இப்போது விடுமுறை, அதுவும் இல்லை. கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார். இவ்வினாவை இலேசாகத் தள்ளுதற்கு யான் துணியேன். நாய்க்கு இறைச்சியூட்டும் செல்வர்களைப் பழிக்கும் கட்டுரைகள் இம்மலரிலேயே வந்துள்ளன. ஆயினும், ஓர் உயிரை வீட்டிற்குக் கொணர்ந்து கட்டிவைத்து, தானே இரைதேடும் உரிமையைப் பறித்தபின், அதன் பசியைத் தெருப்பிள்ளையின் பசியோடு தராசில் வைத்தல் முறையாகுமா என்பதும் ஒரு வினாவே. இரண்டு பசிக்கும் விடை ஒன்றையொன்று தின்பதாக இருக்க வேண்டுவதில்லை என்று என் அன்னையார் கூறினார். அவரே வழியும் கண்டார்.

மீன் விற்கும் அம்மாவிடம் வயிறு உடைந்த சாளையும் நசுங்கிய சாளையும் மாலையில் மிஞ்சும். அவற்றைச் சிறு விலைக்குத் தருவார். கோழிக்கடையில் இரைப்பையும் கழிவிறைச்சியும் மலிவு. இவற்றை உப்பும் மிளகாயும் இன்றி நீரில் அவித்து, முள்ளும் எலும்பும் நீக்கி, சோற்றைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்து இட்டோம். வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் கிழிக்கும் ஆதலால் அதனை ஒருபோதும் இடலாகாது. மீனைப் பச்சையாகவும் இடலாகாது; சிலவகைப் பச்சை மீன்களில் தயமின் என்னும் வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, வேகவைத்தால் அது கெடும். குழம்பின் மிச்சம் அன்றோடு நின்றது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைப்பவை என்பதை நம்மவரிற் பலர் அறியார். உலர்ந்த திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு ஆகாதனவே.

முட்டை, இரண்டு நாளைக்கு ஒன்று, அதுவும் அவித்தது. பச்சை முட்டையே மயிருக்கு நல்லதென்று பலர் ஊட்டுகின்றனர். பச்சை வெண்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாது. வெண்கருவையே மிகுதியாக ஊட்டிய எலிகளுக்குத் தோல் வெடித்து மயிர் உதிர்ந்ததை 1927 இலேயே லண்டனில் மார்கரெட் போவாஸ் என்பார் கண்டார். மயிர் வளர்க்க ஊட்டியதே மயிரை உதிர்க்கும் என்பது வேடிக்கை. அவித்தால் அவிடின் வலியிழக்கும்.

எண்ணெயைப்பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் இதில் நம்மவர் கொள்கை பெரிதும் மாறுபட்டுள்ளது. மயிரின் பளபளப்பு, தோலில் ஊறும் நெய்ப்பசை மயிர்மேற் படர்தலால் வருவது. 1929 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் கணவனும் மனைவியும் கொழுப்பே கலவாத உணவை எலிகளுக்கு ஊட்ட, அவற்றின் தோலும் வாலும் செதிலெடுத்தன. லினோலியிக் அமிலம் சேர்த்தபோது தேறின. உடல் தானே செய்துகொள்ள இயலாத கொழுப்பமிலங்கள் உள என்பது அதனால் வெளிப்பட்டது. நாய்க்கும் லினோலியிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் தோல் நீரைக் காக்கும் வலியிழந்து வறண்டு, தவிடாய் உதிரும். நம் நாட்டில் மயிர் என்றவுடன் கை செல்வது தேங்காயெண்ணெய்ப் புட்டிக்கு. அதிலோ லினோலியிக் அமிலம் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. நல்லெண்ணெயில் 40 பங்குக்கு மேல். சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பாலும் அதனினும் மிகுதி. முதுகிற் பூசிய தேங்காயெண்ணெய் ஒருநாள் மினுக்கும். அன்று மாலையே புழுதியைக் கூட்டும். சோற்றில் விட்ட ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், உள்ளிருந்து ஊறி மேனிக்கு வரும். 15 கிலோ எடையுள்ள கரியனுக்கு அவ்வளவே அம்மையார் குறித்த அளவு. மிகுந்தால் வயிற்றுப்போக்கும், சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் நேரும்.

சாளையின் கொழுப்பு வேறு வகையது. ஒமேகா மூன்று என்று இக்காலத்தார் எங்கும் பேசும் கொழுப்பமிலங்கள் அதில் மிகுதி. அவை தோலின் அழற்சியையும் அரிப்பையும் ஓரளவு தணிக்கும். ஓரளவே என்பதை மறவற்க. காட்லிவர் எண்ணெயும் இதுவும் ஒன்றென்று மயங்குவார் பலர். அது மீனின் ஈரலினின்று எடுப்பது. வைட்டமின் ஏ, டி இரண்டும் அதிற் செறிந்துள்ளன. அவை உடலிற் தங்கித் திரளும் இயல்பின. மீனுடலின் எண்ணெய் என்று எண்ணி அதனைக் கரண்டி கரண்டியாக ஊட்டினால் நஞ்சாகும். நாள்தோறும் ஈரலையே உண்டு வளர்ந்த பூனைகளின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகி, தலை திருப்ப இயலாமற் போனதுண்டு.

அந்த 600 ரூபாய்ப் புட்டியைப்பற்றியும் அம்மையாரிடம் கேட்டிருந்தேன். "அதில் உள்ளது பொய்யில்லை, ஆனால் அது சோற்றுக்கு ஊறுகாய். நீ சோறே போடாமல் ஊறுகாய் வாங்குகிறாய்" என்றார். இதனினும் தெளிவாக இப்பொருளை யான் எந்நூலிலும் படித்திலேன். நிறைவான உணவு உண்ணும் நாய்க்குத் துணைச்சத்துக்களால் விளையும் நன்மை சிறிது; குறையுணவு உண்ணும் நாய்க்குப் புட்டி அக்குறையை அடைக்கப் போதாது. உண்மையில் துணைச்சத்து வேண்டுமிடங்களும் உள. சைபீரியன் ஹஸ்கி, மலமூட் என்னும் பனிநாட்டு நாய்களுட் சில, பிறவியிலேயே துத்தநாகத்தை உணவினின்றும் சரிவர ஈர்த்துக்கொள்ள இயலாதன. கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்குத் தட்டும் அவற்றிற்கு மருத்துவர் அளந்து தரும் துத்தநாகமே தீர்வு. தானியத்தையே உண்டு வளரும் குட்டிகளுக்கும், சுண்ணாம்புச்சத்தை மிகுதியாக ஊட்டப்பெற்ற குட்டிகளுக்கும் இக்குறை வருவதுண்டு. முன்னதில் தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருளும், பின்னதில் சுண்ணாம்பும் துத்தநாகத்தைத் தடுக்கும். நல்லது என்று ஒன்றை அளவின்றி ஊட்டினால் மற்றொன்றை அது வெளியே தள்ளுகின்றது.

எங்கள் கலவையும் நிறைவுடையதன்று என்று அம்மையார் எச்சரித்தார். எலும்பு நீக்கிய இறைச்சியிற் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. முட்டையோட்டை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம் என்றும், ஓர் ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு என்றும், எடையறிந்து அளக்க வேண்டும் என்றும் சொல்லி, ஒரு சிட்டிகை அளவு காட்டினார். பொருள் உடையார் கடையிற் கிடைக்கும் உலர்தீனியை வாங்கலாம். அதிற் 'முழுமையான சரிவிகித உணவு' என்று எழுதியிருத்தல் வேண்டும். பையின்மேலுள்ள நாயின் அழகு கணக்கில் வாராது.

பூனை வளர்ப்போர்க்கு ஒரு சொல். பூனையை நாய்போல் நடத்தலாகாது. அது ஊனுண்ணியே. பாலும் சோறும் உண்டு பழகிய பூனை உயிரோடிருப்பது எலியாலும் பல்லியாலும் என்க. லினோலியிக் அமிலத்திலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை நாய் செய்துகொள்ளும், பூனையால் இயலாது. காய்கறியின் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக்கவும் அதனால் இயலாது. டாரின் என்னும் பொருள் குறைந்தால் அதன் கண்ணின் விழித்திரை கெடும் என்பது 1975 இலும், நெஞ்சு வீங்கி நலியும் என்பது 1987 இலும் அறியப்பட்டன. மேனி மங்கிய பூனையை மாடியில் அடைத்துப் பாற்சோறு இடும் அன்பர்கள் இதனைக் கருதுவாராக.

தங்கையின் கைக்கொப்புளம் வேர்க்குரு என்று மருத்துவர் சொல்ல, அந்த வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று. கரியனின் வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தது. மயிர் ஓரிரவில் மாறுவதன்று. உணவு மாறியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று அம்மையார் சொன்னதைத் தந்தையாரிடம் கூறினேன். அவர், "காலாண்டு விடுமுறைக்கு நீ வரும்வரை இருக்கட்டும்" என்றார். விடுதியில் இருந்த நாட்களில் தங்கை கைப்பேசியிற் படம் அனுப்புவாள். முதல் மாதம் செதில் குறைந்தது, சொறிதல் நின்றது. புழுமருந்துக்கும் அதிற் பங்கிருக்கலாம். நிறம் மட்டும் மாறவில்லை. முளைத்துவிட்ட மயிர் உயிரற்றது. அதனை எவ்வுணவும் திருத்தாது. புது மயிர் முளைக்கவேண்டும்.

விடுமுறைக்குச் சென்ற அன்று மாலை கரியனை மடியிற் கிடத்தித் தொடைமயிரைக் கோதிப் பார்த்தேன். ஒவ்வொரு மயிரும் இருநிறமாய் இருந்தது: நுனி துருச்செம்மை, அடி மைக்கருமை. இரண்டும் கூடுமிடம் கோடிட்டாற்போல் தெரிந்தது. அக்கோட்டுக்கு மேலே மோரும் சோறும், கீழே சாளையும் முட்டையும். எந்த நாளில் எங்கள் வீட்டுச் சட்டி மாறியது என்பதை அம்மயிரைக் கொண்டு ஏறக்குறையக் கணக்கிடலாம் என்று தோன்றிற்று. தந்தையார் அருகே வந்து குனிந்து பார்த்தார். "அடியில் கறுப்பு வருகிறதே" என்றார். சந்தைப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

பாட்டியார் இப்போது மீன்கார அம்மாவிடம் பேரம் பேசும்போது கரியனுக்கும் சேர்த்தே சாளையை எண்ணி வாங்குகின்றார். முள்ளை எடுப்பதும் அவரே. பிறர் எடுத்தால் அவருக்கு நம்பிக்கை இல்லை. முட்டையை மட்டும் அவர் தம் கையால் அவனுக்கு இன்றுவரை இட்டதில்லை. அவர் அவிக்கும் நாட்களில் ஒரு முட்டை கூடுதலாக வேகும். அது சுவருக்கு மேலே அடுத்த வீட்டுச் சிறுவன் கைக்குப் போகின்றது.